நாலாவது சுரம் அடுத்த தெருவில்

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

காலை ஆராதனை முடிந்ததும் குருவானவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் ஒருவர் கறியை விடுகிறார், ஒருவர் காபியை விடுகிறார், ரஞ்சிதம் அம்மா கோபத்தை விட்டுப் பார்த்தால் என்ன என்றார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாகக் காலம் தள்ளியவள் நான். வார்டுச் சுவரில் வெற்றிலை துப்புகிறவனைக் கொஞ்சவா முடியும்? இருந்தாலும் சின்ன வயசுக்காரர், ஆசையாகச் சொல்கிறார். சரி என்றேன். கோபம் வரும்போது வாயைத் திறக்காமல் எழுதி வையுங்கள் என்றும் சொன்னார். மகன் வாங்கித் தந்த டைரி சும்மாதான் கிடந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தி வந்துவிட்டது. மீனாள் மஹாலை இடிக்கப் போகிறார்களாம். கடை வளாகம் வரப்போகிறதாம்.

மீனாள் மஹால் என்பது எங்கள் பழைய கோயில். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில். கிருபாபுரத்தின் கீழத்தெருவும் மேலத்தெருவும் நாற்பத்து நாலு வருஷத்துக்கு முன்பு அடித்துக்கொண்டு பிரிந்தன. ஆளுக்கொரு புதுக் கோயில் கட்டிக்கொண்டன. பழைய கோயில் யாருக்கு என்று வழக்கு நடத்தி, அந்த வழக்குச் செலவிலேயே கட்டடம் ஏலத்துக்குப் போயிற்று. கொஞ்ச காலம் மிளகாய் வற்றல் கிட்டங்கி, அப்புறம் கல்யாண மண்டபம். ஆர்கன் மட்டும் மேல்தளத்தில் இன்னும் நிற்கிறது. குழாய் ஒன்றுகூட இல்லாத ஆர்கன்.

என் வீட்டுக்காரர் ஞானதிரவியம் கீழத்தெரு சபையின் செயலர். செய்தியைக் கேட்டுவிட்டு, "இடிச்சா இடிக்கட்டும். அதுக்கு நம்ம என்ன செய்ய முடியும்?" என்று பேப்பரைத் திருப்பினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

புளிக்குக் கொட்டை எடுத்தேன். முதுகு வலி.

மஹால் முதலாளி சண்முகவேல் இரண்டு சபைக்கும் ஆள் அனுப்பியிருக்கிறார். குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்னால் ஆர்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு தெருவும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போட்டால்தான் தருவார். ஒரு தெருவுக்குக் கொடுத்தால் மறு தெரு அவர் மேல் வழக்குப் போடும் என்று மனிதர் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார். யாரும் வராவிட்டால் கொச்சியிலிருந்து பழைய சாமான் வியாபாரி வருவார். ஆர்கன் மரத்தைப் பிரித்து ஒரு ஓட்டலில் பிராந்திக் குப்பி அடுக்கும் அலமாரி செய்யப் போகிறார்களாம்.

என் அம்மாவின் அரிசியில் வந்த ஆர்கன் அது. அதில் பிராந்தியா? இது நடக்க விடமாட்டேன். கோபத்தோடு எழுதவில்லை, சாதாரணமாகத்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

செயலர் இன்று ஆராதனையில் அறிவிப்பு வாசித்தார். (இப்போதெல்லாம் அவரைச் செயலர் என்றுதான் எழுத வருகிறது.) "நம் முன்னோர் ஈசாக்கு நாட்டாமை அவர்களின் தாராளக் கொடையால் சீமையிலிருந்து தருவிக்கப்பட்ட ஆர்கன்" என்று வாசித்தார். ஈசாக்கு நாட்டாமை இவருடைய பூட்டன். இதே நேரத்தில் மேலத்தெருவில் அவர்களுடைய பூட்டன் ஒருவர் பெயரை வாசித்திருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நடந்ததை நான் எழுதுகிறேன். இந்த ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள்.

அந்தக் காலத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தை நடத்தியவள் மிஸ் பெல்லாமி என்ற வெள்ளைக்காரி. கோயிலில் பாட்டு ஆளுக்கொரு சுருதியில் போவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தலைவலி. சீமையில் ஒரு சின்ன ஆர்கன் விலைக்கு வருகிறது என்று ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக் கேட்டாள். கருப்பட்டி விலை படுத்துக் கிடக்கிறது என்று எல்லாரும் கையை விரித்தார்கள். ஈசாக்கு நாட்டாமையும் விரித்தார். அப்புறம்தான் அவள் பெண்களிடம் வந்தாள்.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது, சனிக்கிழமைதோறும் கோயில் பெண்கள் சங்கத்தார் வீடு வீடாக வந்து வாங்கிக்கொண்டு போய் விற்பது என்று முடிவு செய்தார்கள். பிடியரிசி என்று பெயர்தான். பனையேறி வீட்டில் அரிசிச் சோறு எப்போதோ ஒரு நாள். மற்ற நாளெல்லாம் கம்பும் சோளமும்தான். அதிலும் ஒரு பிடி எடுத்தார்கள். பிள்ளைகள் வயிற்றுக்குப் போக வேண்டிய பிடி. அந்த வருஷம் பிறந்த பெண்பிள்ளைகள் வயசுக்கு வந்து அவர்களும் பிடி எடுத்துப் போடுகிற காலம்வரை போட்டார்கள். ஆர்கன் கப்பலில் தூத்துக்குடிக்கு வந்தது. அங்கிருந்து மாட்டு வண்டி. தேரிமணலில் சக்கரம் புதைந்தபோது பெண்கள் வழி நெடுக ஓலை வெட்டிப் பரப்பினார்கள்.

முதல் நாள் வாசித்தபோது யார் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்? ஈசாக்கு நாட்டாமை உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகும் பிடியரிசி நிற்கவில்லை. துருத்தித் தோலுக்கும் ரிப்பேருக்கும் அதுதான் காசு. அம்மா உலை வைக்கும்போது எடுத்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். இன்றும் நான் போடுகிறேன். மேலத்தெருவிலும் போடுகிறார்கள், தனிச் சங்கமாக.

மார்ச் 1, புதன்

ரத்த அழுத்தம் பார்த்தேன். எழுதினால் இறங்கும் என்றார் குருவானவர். ஏறியிருக்கிறது.

மார்ச் 5, ஞாயிறு

மதியம் தூங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மஹாலுக்குப் போனேன். காவல்காரர் என்னிடம் ஊசி போட்டுக்கொண்டவர், கதவைத் திறந்துவிட்டார்.

பலிபீடம் இருந்த இடத்தில் மணமேடை. பிளைவுட் பலகை, தெர்மோகோல் மயில், பிளாஸ்டிக் மாலை. மேல்தளத்துப் படியில் உடைந்த நாற்காலிகள். ஏறிப் போனேன். ஆர்கன் மேல் ஒரு கிழிந்த ஷாமியானாவைப் போட்டு மூடியிருந்தார்கள். எடுத்தேன். தேக்கு மரம் அப்படியே இருக்கிறது. வெள்ளைக் கட்டைகளில் நாலைந்து இல்லை. துருத்தியை எலி தின்றிருக்கிறது. குழாய் நிற்கிற பலகை முழுவதும் வரிசை வரிசையாக ஓட்டைகள், அதற்குள் சாப்பாட்டுப் பந்தியின் பாக்குப் பொட்டலங்கள். எவனோ ஒருத்தன் அதை எச்சில் தொட்டியாக வைத்திருந்திருக்கிறான்.

ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன்.

வாசிக்கிறவர் உட்காரும் பெஞ்சு சுவரோரம் கிடந்தது. அக்கா உட்காரும் பெஞ்சு. அதைத் துடைக்கவில்லை. அதற்கு எனக்கு நேரம் இல்லை.

மார்ச் 8, புதன்

பிரித்த கதையையும் எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

சண்டை சபைத் தேர்தலில் வந்தது. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பது இப்போது யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லை. சேர்ந்து வாழ முடியாது என்று முடிவானதும் ஒரு வக்கீலை வைத்துச் சொத்தைப் பிரித்தார்கள். திருவிருந்துப் பாத்திரம் ஒன்று அங்கே, ஒன்று இங்கே. பெஞ்சு பாதி பாதி. ஆர்கனுக்கு வந்தபோது வக்கீல் இதையும் சமமாகப் பிரியுங்கள் என்றார். மரப்பெட்டியைத் தூக்க முடியாது, அது பொது என்று விட்டார்கள். குழாய்களைக் கழற்றி முற்றத்தில் பாய் விரித்து வரிசை வரிசையாக நீளவாரியில் அடுக்கினார்கள். நீளக் குழாயெல்லாம் ஒரே தெருவுக்குப் போய்விடக் கூடாதாம். அதனால் கடற்கரையில் மீன் பங்கு வைக்கிற மாதிரி உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தார்கள். ஒரு பெண்ணைக் கேட்கவில்லை. வாசிக்கிறவளைக்கூடக் கேட்கவில்லை.

வாசிக்கிறவள் என் அக்கா தங்கபுஷ்பம். நாங்கள் பிறந்தது கீழத்தெரு. அவளை மேலத்தெருவில் கட்டிக் கொடுத்தார்கள். என்னைக் கீழத்தெருவிலேயே ஞானதிரவியத்துக்குப் பேசி முடித்திருந்தார்கள். பிரிவினை நடந்து முடிந்த அடுத்த திங்கட்கிழமை என் கல்யாணம். அக்கா ஆர்கன் வாசிக்க நான் கோயிலுக்குள் நடந்து வருவதாக இருந்தது. ஓலைக் கொட்டகையில், யாரோ இரவல் தந்த ஆர்மோனியத்தோடு நடந்தது. ஆர்கன்தான் இல்லை, அவளாவது வந்திருக்கலாம். வரவில்லை. ஆள் மூலம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவும் இல்லை. அன்றிலிருந்து நானும் பேசவில்லை. ரேஷன் கடையில் பார்த்தால் வரிசையை விட்டு வந்துவிடுவேன். அப்பா இறந்தபோது பெட்டிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள், இந்தப் பக்கம் நான்.

இது ஆர்கனைப் பற்றிய கதை. அவளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 12, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் இரண்டு தெரு ஆண்களும் கூட்டம் போட்டார்கள். டீ போட்டுக் கொடுக்க எங்களைக் கூப்பிட்டார்கள், அதனால் கேட்டேன்.

முதலில் ஆர்கன் யார் கோயிலில் இருப்பது என்று கேள்வி. ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்றார் ஒருவர். முதல் ஆறு மாதம் யார் என்று அடுத்த சண்டை. கிறிஸ்துமஸ் எந்த ஆறு மாதத்தில் வருகிறது என்று அதற்கடுத்த சண்டை. டீ ஆறிப்போனது. கடைசியில் செயலர் எழுந்து, "ஒருத்தருக்கும் வேண்டாம். கொச்சிக்காரன்ட்ட வித்துப்போட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கிடுவோம்" என்றார். கைதட்டினார்கள்! இரண்டு தெருவும் சேர்ந்து கைதட்டியது என் காலத்தில் இதுதான் முதல் தடவை.

"அது எங்க அரிசி" என்றேன் நான், கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு.

"என்ன அரிசி?" என்றார் மேலத்தெரு பொருளாளர்.

"ரஞ்சிதம், நீ டீயக் குடு" என்றார் செயலர்.

கெட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மூடி கழன்று டீ கொட்டியிருக்கும். கொட்டட்டும்.

மார்ச் 18, சனி

பிடியரிசியை வாங்குகிறவர் சந்தைக் கடைக்காரர் ஒருவர்தான். மேலத்தெருச் சங்கம் காலையில் கொண்டுவரும், நாங்கள் மதியத்துக்கு மேல் கொண்டுபோவோம். ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கக் கூடாது என்று எப்போதோ வைத்த ஏற்பாடு. இன்று நான் வேண்டுமென்றே காலையில் போனேன்.

சாக்கை இறக்கிக்கொண்டிருந்தவள் ஷீபா, அக்காவின் மருமகள். என்னைக் கண்டதும் திருதிருவென்று முழித்தாள். நான் நேரடியாக ஆரம்பித்தேன். ஆர்கனை விற்றுக் காசைப் பங்கு போடப் போகிறார்கள், நாம் இரண்டு சங்கமும் சேர்ந்து போய் எடுத்துவிட்டால் என்ன, உங்கள் தெருக் குழாய்கள் எங்கே என்று கேட்டேன்.

"எங்க வீட்டுலதான் இருக்கு, சித்தி."

சித்தி என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் சொன்னாள்.

"அத்தை கட்டிலுக்கு அடியில பெட்டியில வச்சிருக்காவ. ஒவ்வொண்ணையும் பழைய சேலையில சுத்தி. பிள்ளைக தொட்டாக்கூட வையுவாவ" என்றாள். அப்புறம் தயங்கி, "நீங்களே வந்து கேளுங்க. நான் கேட்டா தரமாட்டாவ" என்றாள்.

குழாய்க்காகத்தான் போவேன். வேறு எதற்கும் இல்லை.

மார்ச் 21, செவ்வாய்

போனேன்.

கதவைத் திறந்தவள் அக்கா. தலை முழுக்க நரை. கொஞ்சம் குட்டையாகிவிட்டாள். "யாரு?" என்றாள். நன்றாகத் தெரிந்துகொண்டே கேட்டாள்.

"சங்கத்து வேலையா வந்தேன்."

"செருப்ப வெளிய விடு."

பெட்டியை இழுத்துத் திறந்தாள். சேலைத் துணிச் சுருள்கள். ஒன்றைப் பிரித்தாள். ஈயம் கலந்த தகரக் குழாய், மங்கிப் போயிருந்தாலும் சப்பை விழவில்லை. "எங்க தெரு ஆம்பளைக ஒண்ணக் கோழிக் கூண்டுக்குத் தண்ணி விட வச்சிருந்தாவ. ஒண்ண ஊதுபத்தி ஸ்டாண்டா வச்சிருந்தாவ. நான்தான் வீடு வீடாப் போயிப் பெறக்கிட்டு வந்தேன்" என்றாள். பெட்டியில் இல்லாதவை பெரிய மரக்குழாய்கள், அவை தொழுவத்தில் இருக்கின்றனவாம்.

பிறகு குழாயின் அடிமுனையை வாயில் வைத்து ஊதினாள்.

அந்தச் சத்தத்தை நான் மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன். இரண்டாவதை எடுத்து ஊதினாள், மூன்றாவதை ஊதினாள். பாட்டு ஒன்று தொடங்குகிற மாதிரி இருந்தது, நின்றுவிட்டது.

"இவ்வளவுதான். ஆம்பளைக மாத்தி மாத்திப் பெறக்குனாவல்ல? அடுத்தடுத்த சுரம் ரெண்டு ஒரே தெருவுல கெடையாது. மூணு சுரம் போகும், நாலாவது உங்க தெருவுல இருக்கு. எந்தப் பாட்ட எடுத்தாலும் பாதியில நிக்கும்."

"நீ ஊதிப் பாப்பியா?"

"எல்லாரும் வயலுக்குப் போன பொறவு ஊதுவேன். வேற என்ன செய்ய?"

அப்போது நான் கேட்க நினைக்காததைக் கேட்டுவிட்டேன். "கல்யாணத்துக்கு ஏன் வரல்ல?"

அக்கா குழாயைக் கீழே வைத்தாள். "வராம இருப்பேனாட்டி? மஞ்சப் பட்டக் கட்டிக்கிட்டு, கைப்பிள்ளையத் தூக்கிட்டு வந்தேன். உங்க தெரு முக்குல, மாவு மில்லுக்கிட்ட மறிச்சாவ. குழாயத் திருப்பிக் குடுத்துட்டு உள்ள போன்னு ஒருத்தன் சொன்னான். உன் மாமனார் நின்னாவ. உன் கொழுந்தன் நின்னான். மாப்பிள்ள ஊர்வலமும் அங்கதான் நின்னுச்சு."

"அவியளுமா?"

"கோட்டுப் போட்டுக்கிட்டு நின்னாவ. என்னப் பாத்தாவ. பொறவு ஷூவப் பாத்தாவ."

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீதான் ரேசன் கடையில என்னக் கண்டா ஓடுவியே. அப்பா பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்னு எத்தனை தடவ உன்னப் பாத்தேன். நிமிந்து பாத்தியா நீ?"

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. யார்மேல் கோபம் என்று கேட்டால் எல்லார்மேலும்தான். ஷீபா காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

மார்ச் 22, புதன்

சாப்பிடும்போது செயலரிடம் கேட்டேன், மாவு மில் பக்கத்தில் நின்றீர்களா என்று. நெடுநேரம் சோற்றைப் பிசைந்தார். "அப்பா சொன்னத மீற முடியுமா?" என்றார். அப்புறம் மோர் கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து மோர் ஊற்றியிருக்கிறேன். இன்று ஊற்றவில்லை. அவள் வரவில்லையே என்று நான் அழுதபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, போனால் போகட்டும், அப்படிப்பட்ட அக்கா எதற்கு என்று முதுகைத் தடவிக் கொடுத்த மனிதர் இவர்.

கோப நோன்பு இன்றோடு முடிந்தது. குருவானவரிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 25, சனி

எங்கள் தெருக் குழாய்கள் கோயில் பின்னறையில், பூட்டிய மரப்பெட்டியில் இருக்கின்றன. சாவி செயலரிடம். கேட்டேன். தரமாட்டேன் என்றார். எடுத்தேன். இதைத் திருட்டு என்று யாராவது சொன்னால், கேட்டுவிட்டு எடுப்பது திருட்டா என்று திருப்பிக் கேட்பேன்.

பீடத்துக்குப் பூ வைக்கப் போகிற சாக்கில் சங்கத்துப் பெண்கள் பெட்டியைத் திறந்தோம். எங்கள் தெரு ஆண்களின் காவல் லட்சணம்: பாதிக் குழாய்க்குள் சிலந்தி, ஒன்றில் குளவிக் கூடு. அக்கா சேலையில் சுற்றி வைத்திருந்தது நினைவுக்கு வந்து எனக்கு வெட்கமாகிவிட்டது. வெந்நீரில் கழுவி, ஊதுகிற முனையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். எங்கள் சங்கத்து லீதியாள் சிரித்தாள், "குழாய்க்கு ஊசி போடப் போறியளாக்கா?" என்று. ஈயம் சேர்ந்தது, ஊதிவிட்டு வாயைக் கழுவாவிட்டால் உனக்குத்தான் ஊசி என்றேன்.

ஏப்ரல் 1, சனி

கை வலிக்கிறது, எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஷீபா மூலம் பேசி வைத்தபடி, காலையில் பிடியரிசி வாங்கப் போகிற நேரத்துக்கே இரண்டு தெருப் பெண்களும் கிளம்பினோம். சாக்கில் அரிசிக்குப் பதில் குழாய். பெரிய மரக்குழாய்களை ஷீபா தட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மஹால் வாசலில் சந்தித்தோம். முதலில் யாரும் பேசவில்லை. எங்கள் லீதியாளும் மேலத்தெருக்காரி ஒருத்தியும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சாம். அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்ததும் எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டோம்.

கொச்சி வியாபாரியின் லாரி ஏற்கனவே நின்றது. அதன் பக்கத்தில் இரண்டு தெருச் செயலர்களும் பொருளாளர்களும். என் வீட்டுக்காரர் படிக்கட்டுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"ரஞ்சிதம், வீட்டுக்குப் போ. ஊரு சிரிக்கும்."

எனக்குப் பின்னால் அக்கா நின்றாள். நான் சொன்னேன்: "அன்னைக்கு மாவு மில்லுக்கிட்ட மறிச்சியள்ல, இதே அக்காவ? இப்பவும் மறிங்க. நான் பாத்துக்கிட்டு நிக்கேன்."

எல்லாருக்கும் கேட்டது. அவர் அக்காவைப் பார்த்தார். அப்புறம் குனிந்தார். காலில் இன்று ரப்பர் செருப்பு. ஒதுங்கினார். அக்கா அவரைத் தாண்டி உள்ளே போனாள், அந்த மனிதர் அங்கே நிற்கவே இல்லை என்கிற மாதிரி.

சண்முகவேல் முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் வியாபாரி. "அம்மா, ரெண்டு தெருவும் வந்திருக்கீங்க, சரி. இந்த ஊமை மரத்த வச்சு என்ன செய்யப் போறீங்க? அந்தக் குழாயில சத்தமாவது வருமா?" என்றார்.

"வருமா வராதான்னு பாப்பமே" என்றாள் அக்கா.

மணமேடைக்கு முன்னால் பாய் விரித்து, ஊதக்கூடிய குழாய்களை நீளவாரியில் அடுக்கினாள். உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று போனதெல்லாம் திரும்ப ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வந்தது. ஆளுக்கொரு குழாயைக் கையில் எடுத்து அந்த வரிசையிலேயே நிற்கச் சொன்னாள். நின்றபோதுதான் கவனித்தேன், ஒரு கீழத்தெருக்காரி, ஒரு மேலத்தெருக்காரி, மறுபடி ஒரு கீழத்தெருக்காரி. வேறு எப்படி நின்றாலும் சுரம் சரியாக வராது.

அக்கா எங்களுக்கு முன்னால் வந்து நின்றாள். தான் யார் பக்கம் விரலை நீட்டுகிறாளோ அவள் ஊத வேண்டும், அவ்வளவுதான் என்றாள். முதல் தடவை எருமைக் கூட்டம் மாதிரி இருந்தது. லாரிக்காரர்கள் சிரித்தார்கள். இரண்டாம் தடவை அக்கா ஒவ்வொருத்தியாகத் திட்டினாள். மூன்றாம் தடவை பாட்டு வந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த குருத்தோலைப் பாட்டு. ஒரு குழாய் எங்கள் தெருப் பெட்டியில் இல்லை, எவனோ எப்போதோ பழைய ஈயத்துக்குப் போட்டிருக்கிறான். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் லீதியாள் வாயால் பாடினாள். அக்கா அந்த மூன்று சுரத்தைத் தாண்டி விரலை என் பக்கம் நீட்டினாள். நாலாவது என் கையில் இருந்தது. ஊதினேன். பாட்டு நிற்காமல் போனது.

சிரித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். மேலத்தெரு பொருளாளர் தலைத்துண்டை எடுத்தார். முடிந்ததும் சண்முகவேல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். கையெழுத்துப் போடச் செயலர்கள் இருவரும் முன்னால் வந்தார்கள். பேனாவை அக்கா வாங்கினாள். அவளும் நானும் போட்டோம்.

இப்போது ஆர்கன் பெண்கள் பள்ளிக்கூட மண்டபத்தில். அது எந்தத் தெருவிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். கொச்சி லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனோம், வாடகை பேசி. துருத்தித் தோல் மாற்ற இனிமேல் இரண்டு தெருப் பிடியரிசியும் ஒரே சாக்கு.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

இரண்டு கோயில் ஆராதனையும் முடிந்தபின் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். செயலர் வந்து வாசலிலேயே நின்றார். பூட்டன் பெயரை ஒரு பலகையில் எழுதி வைக்கலாமா என்று தலைமையாசிரியையிடம் கேட்டாராம்! இன்னும் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. பேச வேண்டியவர் அவர், சொல்ல வேண்டிய இடம் அக்கா வீடு. அதுவரை மோர் அடுப்படியில் இருக்கிறது, அவரே எடுத்து ஊற்றிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் விட ஒரு விஷயம் என் மண்டையைக் குடைகிறது.

மண்டபத்தில் எல்லார் முன்னாலும் அக்கா என்னைக் கூப்பிட்டாள். நேற்று நடந்ததைப் பற்றி ஏதோ நல்ல வார்த்தை சொல்லப் போகிறாள் என்று நானும் முட்டாள்தனமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு போனேன். "எல்லாரும் நல்லா ஊதுனாவ. நீதான் ரெண்டு எடத்துல பிந்துன" என்றாள். ஷீபா சிரித்தாள். லீதியாள் சிரித்தாள். இரண்டு தெருவும் சிரித்தது.

நான் பிந்தவில்லை. விரல் நீட்டிய நொடியில் ஊதினேன். ஆஸ்பத்திரியில் நாடி பிடித்து எண்ணியே வயசாகிப்போனவள், எனக்கு நேரம் தெரியாதா? அவள் கைதான் நடுங்குகிறது. விரல் லீதியாளைக் காட்டுகிறதா என்னைக் காட்டுகிறதா என்றே தெரியவில்லை. எழுபது தாண்டியும் அந்தத் திமிர் போகவில்லை. சின்ன வயசிலும் இதே கதைதான், அவள் தப்பாக வாசித்துவிட்டு நான் தப்பாகப் பாடினேன் என்று அம்மாவிடம் சொல்லுவாள்.

இதை இப்படியே விடப் போவதில்லை. நாளைக் காலை இட்லி ஊற்றி வைத்துவிட்டு, மேலத்தெருவுக்குப் போய் முகத்துக்கு நேரே கேட்கப் போகிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் நாளை மறுநாளும் போவேன்.